சற்குணம் திருத்திய சுருதி

என் கணவர் சற்குணம் இந்த நாட்டுக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அதில் பத்தொன்பது வருடமாக விரி என்ற இடத்தில் ஒரே கிடங்கில்தான் வேலை. காலை ஆறு மணிக்குப் போய், லாரியில் ஏறும் பெட்டிகளைச் சரிபார்த்துவிட்டு, பிற்பகல் இரண்டரைக்குத் திரும்பி வருவார். வீட்டில் நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எழுத்திலாவது சொல்லிப் பார்ப்போம் என்று எழுதினேன், நன்றாகத்தான் இருக்கிறது.

அவரைப் பற்றி எங்கள் சனங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். வெள்ளிக்கிழமை பஜனைக்கு ஆர்மோனியம் வாசிப்பவர், யார் பாடினாலும் சுருதி பிழை என்று முகத்துக்கு நேரே சொல்பவர். பாடியவர் பெரிய டாக்டரா, கோயில் தலைவரின் மனைவியா என்றெல்லாம் பார்க்க மாட்டார். பிறந்தநாள் வீட்டில் கேக் வெட்டும்போது எல்லாரும் சேர்ந்து பாடுகிற பாட்டில்கூடப் பிழை கண்டுபிடித்து, என் காதில் சொல்லி, என் சாப்பாட்டைக் கெடுத்திருக்கிறார். ஆனால் அவர் சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கும். அதுதான் கேடு. பத்துத் தரம் சரியாகச் சொன்னவருக்குப் பதினோராம் தரம் தன்மேல் சந்தேகம் வராது.

நான் ஒனிஹங்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். அங்கே வந்து போகும் ஹீதர் என்ற பெண்மணி, ஓய்வுபெற்ற ஆசிரியை, விக்டோரியா ராணி காலத்து நடனங்களை அந்தக் காலத்து முறையிலேயே ஆடும் ஒரு குழுவை நடத்துகிறார். ஞாயிறு பிற்பகல்களில், ஒரு பழைய மர மண்டபத்தில். ஜோடி ஜோடியாக அணிவகுத்து நடக்கும் மார்ச், எட்டுப் பேர் சதுரமாக நின்று ஆடும் குவாட்ரில், ஜோடியாகச் சுற்றும் வால்ட்ஸ், மூச்சு வாங்க வைக்கும் போல்கா. முழங்கால் பிடிப்புக்கு நல்லது என்று நான் போய்ச் சேர்ந்தேன். போன பிறகு அதன் சட்டதிட்டங்களில் எனக்கு ஆசை வந்துவிட்டது. கையுறை இல்லாமல் கை கொடுக்கக் கூடாது. ஒருவர் ஆட வரும்படி கேட்டு, பெண் மாட்டேன் என்று சொன்னால், அந்த ஆட்டம் முடியும்வரை அவள் வேறு யாரோடும் ஆடாமல் உட்கார்ந்துதான் இருக்க வேண்டும். எங்கள் ஊர்க் கலியாணப் பேச்சில்கூட இவ்வளவு கண்டிப்பு நான் கண்டதில்லை.

சற்குணம் என்னைக் கூட்டிப்போக வந்து காரிலேயே இருப்பார். ஒரு ஞாயிறு மழை பிடித்துக்கொள்ள, உள்ளே வந்தார். நாங்கள் போனில் போட்ட பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தோம். மூலையில் ஒரு பழைய கால் ஆர்மோனியம் துணி போர்த்தி நின்றது. காலால் மிதித்துக் கையால் வாசிப்பது, அலமாரி அளவு இருக்கும். மண்டபம் கட்டிய காலத்தில் வாங்கியது, ஐம்பது வருடமாக யாரும் தொடவில்லை என்று ஹீதர் சொன்னார். என் கணவர் மூடியைத் திறந்து மிதித்தார். பாதிச் சுரங்கள் ஊமை, மீதி இருமின.

"இதை நான் திருத்துவன்," என்றார். மண்டபத்துக்கு நூற்றுநாற்பது வயது நிறைவதற்கு ஒரு நடன விழா நடத்த ஹீதர் திட்டமிட்டிருந்தார். அந்த ஆர்மோனியமே அன்று முழங்கினால் எப்படி இருக்கும் என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஐந்து வாரம், வேலை முடிந்ததும் நேரே மண்டபத்துக்குப் போனார். கிழிந்த துருத்திக்குத் தோல் ஒட்டினார். சத்தம் எழுப்பும் பித்தளை நாக்குகளை ஒவ்வொன்றாக இழுத்துத் தூசி தட்டினார். முன்வரிசையில் அறுபத்தொரு நாக்கு, பின்வரிசையில் அறுபத்தொன்று. பின்வரிசையில் பாதிக்கு மேல் ஊமை என்பதால் அதைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டார். முன்வரிசை பேசத் தொடங்கியதும் அவருக்கு நெற்றி சுருங்கியது.

"ஒரு கட்டையும் இல்லை, ஒண்டரைக் கட்டையும் இல்லை. ரெண்டுக்கும் நடுவிலை நிக்குது. எல்லாம் கால் கட்டை கூட," என்றார். போனில் சுருதி காட்டும் ஆப்பைப் போட்டு, அது சொன்னபடி, அறுபத்தொரு நாக்கையும் அடியில் சுரண்டிச் சுரண்டிச் சுருதியை இறக்கினார். முடிந்த அன்று வீட்டில் கோழிக்கறி கேட்டார். நானும் சமைத்தேன்.

ஞானதாஸைக் கூட்டி வந்தது நான்தான். அவர் மனைவி என்னோடு வேலை செய்கிறவள். நாகர்கோவில் பக்கத்துக் குடும்பம். ஞானதாஸ் மங்கரேயில் விமானச் சரக்குக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அவருடைய பாட்டனார் ஊர்த் தேவாலய பாண்டில் ஊதிய கார்னெட் ஒன்று, குட்டை எக்காளம் மாதிரி, அவரிடம் இருந்தது. விக்டோரியா காலத்து நடன மண்டபங்களில் கார்னெட்தான் ராஜா என்று ஹீதர் சொன்னதும், நான் அவர் பெயரைச் சொன்னேன். இந்த நாட்டில் அவர் ஒருதரமும் மேடையில் ஊதியதில்லை. மனைவி அவருக்கு வால் வைத்த கறுப்புக் கோட்டு ஒன்று தைக்கத் தொடங்கினாள்.

விழாவுக்கு இரண்டு ஞாயிறு இருக்கையில் அவர் முதல் ஒத்திகைக்கு வந்தார். சற்குணம் ஆர்மோனியத்தில், ஒரு வெள்ளைக்காரப் பெண் வயலினில், ஞானதாஸ் கார்னெட்டில். வயலின்காரி ஆர்மோனியத்தைக் கேட்டுத் தந்தியை முறுக்கிக்கொண்டாள். மார்ச் தொடங்கியது. இரண்டு வரிகூடப் போயிருக்காது, எனக்குப் பல் கூசியது. இரண்டு பூனைகளை ஒரே சாக்கில் கட்டினால் கேட்கும் சத்தம்.

என் கணவர் கையை எடுத்தார். எல்லாருக்கும் கேட்க ஆங்கிலத்தில் கார்னெட் சுருதியில் இல்லை என்றார். பிறகு தமிழில், எனக்குச் சொல்வது போல, "பாண்டுக்காரருக்குச் சத்தம் தெரியும். சுருதி எங்கை தெரியப்போகுது," என்றார். தமிழ் தெரிந்த இன்னொருவர் பக்கத்தில் நிற்கிறார் என்ற நினைப்பே இல்லை. இல்லை, நினைப்பு இருந்தது. அதனால்தான் சொன்னார்.

ஞானதாஸ் கோபப்படவில்லை. ஆர்மோனியத்தின் அருகே வந்து ஒரு கட்டையை அழுத்திக் கேட்டார்.

"அண்ணே, இதுக்க சுருதிய நீங்க மாத்தினீங்களா?"

"மாத்தேல்லை. பிழையாக் கிடந்ததைத் திருத்தினனான்."

"எல்லாமே பிழையாவா இருந்துச்சு?"

"எல்லாம் கால் கட்டை கூட. ஏன் கேக்கிறீர்?"

ஞானதாஸ் இன்னொரு தரம் அந்தக் கட்டையை அழுத்திக் கேட்டார். பிறகு, "ஒண்ணுமில்லண்ணே. நான் குழாய இழுத்துப் பாக்கேன்," என்று தன் இடத்துக்குப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு கடைசி ஒத்திகை. ஞானதாஸ் கார்னெட்டின் குழாயை வெளியே வருமட்டும் இழுத்து வைத்துக்கொண்டு ஊதினார். சுருதி இறங்கியது. ஆனால் ஒரு சுரம் சேர, அடுத்த சுரம் விலகியது. அவர் கழுத்து நரம்பு புடைக்க உதட்டாலேயே ஒவ்வொன்றையும் வளைத்துப் பார்த்தார். ஆடுகிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இடைவேளையில் ஹீதர் அவரைத் தனியே கூப்பிட்டு, மிகவும் மரியாதையாக, சனிக்கிழமை விழாவைக் கார்னெட் இல்லாமலே நடத்திக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார். ஞானதாஸ் தலையசைத்தார். கார்னெட்டைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். நான் வாசல்வரை போனேன்.

"கோட்டு தச்சு முடிச்சாச்சுக்கா. அவகிட்டத்தான் எப்பிடிச் சொல்லன்னு தெரியல," என்றார்.

எல்லாரும் போன பிறகு மண்டபத்தைப் பூட்டும் பொறுப்பு எங்களுடையது. என் கணவர் பின்வரிசையின் குமிழை இழுத்துவிட்டு, ஊமையாகாத நாக்குகள் எவை என்று ஒவ்வொரு கட்டையாக அழுத்திக்கொண்டிருந்தார். நான் மர வாங்கில் உட்கார்ந்து, போன ஞாயிறு எடுத்த வீடியோவைப் பார்த்தேன். ஒத்திகைக்கு முன் ஞானதாஸ் தனியே ஊதிப் பழகியது அதில் இருந்தது. என் கைப் போனில் கார்னெட். அவர் கையில் பின்வரிசை. இரண்டும் ஒரே சுரத்தில் வந்து நின்றன. பாலும் நீரும் மாதிரிக் கலந்து, எது எது என்று பிரிக்க முடியவில்லை.

அவர் கை அப்படியே நின்றது. "திரும்பப் போடும்," என்றார். போட்டேன். பின்வரிசையில் அழுத்தினார். சேர்ந்தது. முன்வரிசையில் அழுத்தினார். பூனைச் சண்டை.

"நிப்பாட்டும்," என்றார். இரவு சோற்றைப் பிசைந்துவிட்டுக் கையைக் கழுவினார்.

திங்கட்கிழமை வேலையால் வந்ததும் தானாகவே சொன்னார். "பழசாகிப் பிழைச்சிருந்தா ஒவ்வொரு நாக்கும் ஒவ்வொரு மாதிரியெல்லோ பிழைச்சிருக்கும். இது அறுபத்தொண்டும் ஒரே அளவு. அது எனக்கு அண்டைக்கே விளங்கியிருக்க வேணும். அந்தக் காலத்திலை சுருதியே கூடத்தான் வைச்சவையாம். பாண்டுகளும் அப்பிடித்தான். நான் சரியா இருந்ததைப் பிழையாக்கிப் போட்டன், சுகந்தி."

"ஹீதருக்கு இப்பவே போன் எடுங்கோ. ஞானதாஸுக்கும் எடுங்கோ."

"அவசரப்படாதையும். வியாழனுக்குள்ளை எல்லாத்தையும் பழையபடி ஏத்திப்போடுவன். பிறகு அவரை வரச் சொல்லுவம். சேர்ந்து கேட்டா, அவர் தன்ரை குழாயைத் திருத்தினதெண்டு நினைப்பினம். ஒருத்தருக்கும் சொல்லத் தேவையில்லை."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதை. எனக்கு வந்த கோபத்தில் தண்ணீர்க் கேத்தலை அடுப்பில் குத்தி வைத்தேன். "பழி அந்த மனுசனிலை. புகழ் உங்களிலை. அப்பிடியோ?" என்று கேட்டேன். கோயிலில் எத்தனை பேரை இவர் பிழை என்று சொல்லியிருப்பார், அத்தனை பேரும் இதைக் கேட்டால் என்ன சொல்வார்கள் என்று அவர் கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது. இருபத்தாறு வருடம் கூட வாழ்ந்தவளுக்கு அது தெரியாமலா போகும்.

அன்றிலிருந்து வேலை முடிந்து நானும் அவரோடு மண்டபத்துக்குப் போனேன். தனியே விட மனமில்லை. சுருதியை ஏற்ற வேண்டுமென்றால் நாக்கின் நுனியைச் சுரண்ட வேண்டும். ஏற்கெனவே அடியில் மெலிந்துபோன பித்தளை. கொஞ்சம் கூடினாலும் வெடிக்கும். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுரண்டுவார், பொருத்துவார், மிதிப்பார், பின்வரிசையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார், பின்வரிசை ஊமையான இடத்தில் வீடியோவோடு ஒப்பிடுவார், திரும்ப உருவுவார். செவ்வாய் மாலைக்குள் இருபத்தைந்து. புதன்கிழமை, முப்பத்தெட்டாவது நாக்கில், டிக் என்று ஒரு சின்னச் சத்தம். நாக்கு இரண்டாய்ப் போய் அவர் மடியில் விழுந்தது.

நடுவில் அடிக்கடி வரும் சுரம் அது. பின்வரிசையிலும் அந்த இடம் ஊமை. அவர் அந்தத் துண்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நூற்றுநாற்பது வருடம் உடையாமல் கிடந்தது. எனக்கு அழுகை வந்தது, ஆனால் அவரைத் திட்டத்தான் வாய் வந்தது. திட்டினேன். அவர் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு முப்பத்தொன்பதாவதை எடுத்தார்.

வியாழன் அவர் லீவு போட்டுக் காலையிலேயே தொடங்கியதில், மூன்று மணிக்கு எல்லா நாக்கும் முடிந்தது. "வாங்கோ மங்கரேக்கு. இல்லாட்டி நான் தனியப் போய்ச் சொல்லுவன்," என்றேன். வந்தார்.

ஞானதாஸ் மாலை வேலைக்குப் போக ஒளிரும் மஞ்சள் சட்டையோடு தயாராக இருந்தார். எங்களை உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார். கறுப்புக் கோட்டு கதவில் தொங்கியது. என் கணவர் கோட்டைப் பார்க்காமல் பேசினார்.

"ஞானதாஸ், சனிக்கிழமை நீங்கள் வரவேணும். இப்ப சரிவரும்."

என்ன சரிவரும், எப்படிச் சரிவரும் என்று ஒரு சொல் இல்லை. நான் வாயைத் திறக்கப்போனேன். அதற்குள் ஞானதாஸ் மெதுவாகக் கேட்டார்.

"பழையபடி ஏத்திட்டீங்களாண்ணே?"

என் கணவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "உங்களுக்குத் தெரியுமே?"

"எல்லாமே கால் கட்டை கூடன்னு சொன்னீங்கல்லா, அப்பவே தெரியும். எங்க தாத்தா கார்னெட்டும் அதே கால் கட்டை கூடத்தான். அந்தக் காலத்துச் சுருதி அது."

"பிறகேன் நீங்கள் ஒண்டும் கதைக்கேல்லை?"

ஞானதாஸ் தன் கைகளைப் பார்த்தார். "அந்த ஹால்ல தமிழ் ஆளுன்னு நாம மூணு பேருதான். அஞ்சு வாரமா நீங்க முட்டி போட்டு அத ரிப்பேர் பண்ணினத அவங்க எல்லாரும் பாத்திருக்காங்க. அத்தன பேரு முன்னால, இவரு கெடுத்துட்டாருன்னு நான் எப்பிடிண்ணே சொல்லுவேன்? எனக்குப் போனா ஒரு சனிக்கிழம போவும். அவ்வளவுதான்."

பிறகு அவரே சொன்னார். "ஹீதர்ட்ட நான் போன் பண்ணிச் சொல்லுகேன், குழாய ரிப்பேர் பண்ணிட்டேன், இப்ப சேரும்னு. அதோட முடிஞ்சுது. நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம்."

என் கணவர் என்ன செய்தார் தெரியுமா? தலையாட்டினார். பாவி மனுசன், தலையாட்டினார். எனக்கு அந்த நிமிடம் அவரோடு ஒரே காரில் ஏறவே மனம் வரவில்லை. ஏறினேன், வேறு வழி இல்லை.

வெள்ளிக்கிழமை பஜனையில் ஒருவர் சுருதி தப்பிப் பாடினார். எல்லாரும் என் கணவரைப் பார்த்தார்கள். அவர் தலை நிமிரவில்லை.

சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணி. மண்டபம் நிறைந்திருந்தது. நீளப் பாவாடைகள், கையுறைகள், விசிறிகள். நானும் சாம்பல் நிறப் பட்டில் ஒரு கவுன் போட்டிருந்தேன். மார்ச்சுக்காக ஜோடி ஜோடியாக அணி வகுத்தோம். ஞானதாஸ் கறுப்புக் கோட்டில் வந்து வயலின்காரியின் பக்கத்தில் நின்றார். அவர் மனைவி முன்வரிசை நாற்காலியில் இருந்தாள்.

ஹீதர் மேடையேறி என் கணவருக்கு நன்றி சொன்னார். பெரிய கைதட்டல். பிறகு, கார்னெட்டில் கொஞ்சம் பிரச்சினை இருந்தது, ஞானதாஸ் இந்த வாரம் முழுக்கப் பாடுபட்டுத் தன் கருவியைச் சரிசெய்துகொண்டு வந்திருக்கிறார், அவருக்கும் நன்றி என்றார். அதற்கும் கைதட்டினார்கள், குழந்தையைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி. ஞானதாஸ் குனிந்து வணங்கினார். அவர் மனைவி கைதட்டவில்லை. அவளுக்கு அவர் உண்மையைச் சொல்லியிருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஹீதர் கையை உயர்த்திச் சைகை காட்டினார். ஆர்மோனியம் தொடங்க வேண்டும். தொடங்கவில்லை.

திரும்பவும் சைகை. என் கணவர் மிதித்துக்கொண்டுதான் இருந்தார், துருத்தி முனகுவது எனக்குக் கேட்டது. கைகள் கட்டைகளின் மேல் இருந்தன. விரல் ஒன்றும் இறங்கவில்லை. என் ஜோடிக்காரர் என்னைப் பார்த்தார். யாரோ இருமினார்கள். வாசிக்காமல் எழும்பி ஓடிவிடுவாரோ என்று பயந்தேன். வாசித்துவிடுவாரோ என்று அதைவிடப் பயந்தேன்.

அவர் எழுந்தார். சட்டைப் பையில் இருந்து உடைந்த நாக்கை எடுத்தார். கிடங்கில் பேசுகிற அந்த அரைகுறை ஆங்கிலத்தில், எழுத்துக் கூட்டுவது போலச் சொன்னார். கார்னெட்டில் பிழை இருக்கவில்லை. ஆர்மோனியத்திலும் பிழை இருக்கவில்லை. நான்தான் ஆர்மோனியத்தைக் கெடுத்தேன். இவருக்கு முதல் நாளே தெரியும், என்னைக் காப்பாற்றப் பேசாமல் இருந்தார். நான் இந்த வாரம் ஒருவருக்கும் சொல்லாமல் திரும்பத் திருத்தினேன். ஒன்றை உடைத்துவிட்டேன், இது அது.

யாரும் கைதட்டவில்லை. ஹீதரின் முகம் சிவந்துபோயிருந்தது. அவர் மேடையில் நடந்து வந்து ஞானதாஸிடம் கையை நீட்டினார், ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. என் கணவரை அவர் பார்க்கவே இல்லை. ஞானதாஸ் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன்ணே சொன்னீங்க," என்றார், அழுகிற குரலில்.

என் கணவர் உட்கார்ந்தார். கைகளைக் கட்டைகளில் வைக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டார்.

"ஞானதாஸ், சுருதியை நீங்கள் தாங்கோ."

ஞானதாஸ் கார்னெட்டை உதட்டில் வைத்தார். முதல் தரம் வெறும் காற்றுத்தான் வந்தது. இரண்டாம் தரம் சுரம் வந்து மண்டபம் முழுக்க நின்றது. என் கணவர் அது முடியும்வரை காத்திருந்து, பிறகு அதே சுரத்தை அழுத்திச் சேர்ந்துகொண்டார். வயலின்காரி தந்தியை மெல்ல முறுக்கி ஏற்றினாள். மார்ச் தொடங்கியது. உடைந்த இடம் வரும்போதெல்லாம் ஆர்மோனியத்தில் ஒரு பள்ளம் விழுந்தது. அதை மறைக்க அவர் முயலவில்லை.

அணி நகர்ந்தது. நான் நின்ற இடத்திலேயே நின்றதில் பின்னால் வந்த ஜோடி என் கவுனை மிதித்துவிட்டது. கலியாணம் கட்டி இருபத்தாறு வருடத்தில் என் கணவர் இன்னொருவரிடம் சுருதி கேட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.